முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பயிற்சியும் ஒரு சம்பளச் சீட்டும்

மனிதவளத் துறையில் வேலைக்குச் சேர விரும்பும் பிள்ளைகள், குறிப்பாகச் சென்னைக்கு வெளியே உள்ள கல்லூரிகளில் எம்.பி.ஏ. முடித்தவர்கள், என்னிடம் முதலில் கேட்பது "எந்தப் பயிற்சி நிலையத்தில் சேரலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. 2022-இல் நானும் அதே கேள்வியோடு விழுப்புரத்திலிருந்து புறப்பட்டு வந்தேன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கிக் கொடுத்த 38,000 ரூபாயைக் கட்டணமாகச் செலுத்தி, மகளிர் விடுதி ஒன்றில் தங்கி, ஏறக்குறைய ஓராண்டை இழந்த பிறகே இந்தத் தொழில் எங்கே கற்றுக்கொள்ளப்படுகிறது என்பது எனக்குப் புரிந்தது. வீட்டிலோ உறவிலோ எச்.ஆர். (மனிதவள) வேலை பார்த்தவர் ஒருவர்கூட இல்லாததால், எதையும் கேட்டுத் தெளிய எனக்கு ஆள் இல்லை. அப்படி ஆள் இல்லாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த நிலையம் "நூறு சதவீத வேலைவாய்ப்பு, நேரடி பேரோல் பயிற்சி" என்று விளம்பரம் செய்திருந்தது. பேரோல் என்பது மாதச் சம்பளக் கணக்கு. நேரடி என்று அவர்கள் சொன்னது, யாரோ எப்போதோ தயாரித்த ஓர் எக்செல் கோப்பைத் திரையில் ஓடவிட்டுக் காட்டியதைத்தான். பாதி நாட்கள் தன்னம்பிக்கை உரைகளிலும், கைகுலுக்கும் முறை, உடல்மொழி முதலியவற்றிலும் கழிந்தன. கொடுத்த குறிப்பேட்டில், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்கான பங்களிப்பு தொழிலாளிக்கு 1.75 சதவீதம், முதலாளிக்கு 4.75 சதவீதம் என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த விகிதங்கள் 2019 ஜூலையிலேயே 0.75 ஆகவும் 3.25 ஆகவும் குறைக்கப்பட்டுவிட்டன என்பதை, ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு நிறுவனத்தின் நேர்காணலில்தான் தெரிந்துகொண்டேன். எதிரில் இருந்த அதிகாரி கோபப்படவில்லை. "இந்த நோட்ஸ் எங்கே வாங்கினீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும் பேருந்தில் எனக்கு ஏற்பட்ட ஆத்திரம் அவர்மீது அல்ல. எங்கள் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதே தாளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தபோது வந்த ஆத்திரம் அது.

ஆகவே, பணம் கட்டும் முன் எந்த நிலையத்திலும் இரண்டு விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். முதலாவதாக, பாடக் குறிப்பின் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள விகிதங்களையும் உச்சவரம்புகளையும் வருங்கால வைப்புநிதியை (பி.எஃப்.) நடத்தும் இ.பி.எஃப்.ஓ., இ.எஸ்.ஐ.யை நடத்தும் இ.எஸ்.ஐ.சி. ஆகியவற்றின் இணையதளங்களில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். அடுத்து, பாடம் நடத்துபவர் கடைசியாக எந்த மாதம் தம் கையால் பி.எஃப். ஈ.சி.ஆர். (மாதாந்திரப் பங்களிப்புக் கணக்கு) தாக்கல் செய்தார் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

நிலையம் வாக்களித்த "வேலைவாய்ப்பு" என்பது சிறு ஆட்சேர்ப்பு கன்சல்டன்சிகளின் தொலைபேசி எண்கள் கொண்ட ஒரு பட்டியலாகவே முடிந்தது. அவற்றுள் ஒன்றில் மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். சேரும் நாளில் ஓராண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் பட்டச் சான்றிதழின் அசலையும் கேட்டார்கள். "எல்லாரும் கொடுக்கிறதுதான், பயப்படாதீங்க" என்று அலுவலக மேலாளர் சொன்னார். உண்மையில் அங்கே எல்லோரும் கொடுத்துத்தான் இருந்தார்கள், பீரோவுக்குள் உறைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பின்னாளில் நான் விலகியபோது அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெறுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இலக்கை எட்டவில்லை, பயிற்சிச் செலவு ஆகிவிட்டது என்று இரண்டு மாதச் சம்பளம் கேட்டார்கள். ஊரில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் நோட்டீஸ் அனுப்பிய பிறகு 15,000 ரூபாயில் பேசி முடித்தோம். அசல் சான்றிதழைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தருவதே முறை. வாங்கி வைத்துக்கொள்ளும் அலுவலகம் உங்களை ஊழியராக அன்றி அடகுப் பொருளாகவே கருதுகிறது.

இவ்வளவு சொன்னாலும், அந்த கன்சல்டன்சி எனக்கு ஒரு திறனைக் கற்றுத் தந்ததை மறைக்கக் கூடாது. அது தொலைபேசி. ஒருவரை வேலையில் அமர்த்தினால் அவருடைய ஓராண்டு சி.டி.சி.யில் (அவருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகையில்) 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதத் தொகை, வாடிக்கை நிறுவனத்திடமிருந்து எங்களுக்குக் கட்டணமாக வரும். அவர் 90 நாட்களுக்குள் விலகிவிட்டால் வேறு ஆளைக் கட்டணமின்றித் தர வேண்டும். எனவே ஆளைத் தேடிப் பிடிப்பதைவிட, அவர் உண்மையில் சேர்வாரா, சேர்ந்தால் நிற்பாரா என்று முன்கூட்டியே அறிவதுதான் வேலையின் உயிர்நாடி. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் வரும் பயோடேட்டாவில் இது எதுவும் இருக்காது. முதல் அழைப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த முதல் அழைப்பில் புதியவர்கள் செய்வது, ஜே.டி.யை (வேலை விவரத்தை) மளமளவென்று ஒப்பித்துவிட்டு "இன்ட்ரெஸ்டட்டா சார்?" என்று கேட்பதுதான். எதிரில் இருப்பவர் மரியாதைக்காக ஆமாம் என்பார், நேர்காணலுக்கு லைன்-அப் செய்த நாளில் போனை எடுக்க மாட்டார். மூத்த சக ஊழியர் ஒருவர் வேறு விதமாகப் பேசுவார். எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள், இப்போது வேலைக்கு எதில் போகிறீர்கள் என்றே தொடங்குவார். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வேலைகளுக்கு இது முக்கால் பங்கு முடிவைத் தந்துவிடும். கம்பெனி பஸ் தாம்பரம், படப்பை வழியாக வருகிறது, ஆனால் ஆள் உத்திரமேரூரில் இருக்கிறார் என்றால், சம்பளம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் இரவு ஷிஃப்ட் முடிந்து அவர் வீடு போய்ச் சேர வழி இல்லை. அதன் பிறகே கையில் வாங்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், ராஜினாமா கடிதம் கொடுத்தாகிவிட்டதா, கொடுத்திருந்தால் அதற்கு நிறுவனம் மின்னஞ்சலில் பதில் தந்ததா என்று வரிசையாகக் கேட்பார். கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலைக் காட்டாதவர் பெரும்பாலும் நமது ஆஃபர் லெட்டரைக் காட்டித் தம் பழைய நிறுவனத்தில் சம்பளம் உயர்த்திக் கேட்கவே எடுத்துச் செல்கிறார். பெண்களிடம் திருமணம், குழந்தை பற்றிக் கேட்கும் வழக்கமும் அந்த அலுவலகத்தில் இருந்தது. அதை நான் கற்றுக்கொள்ளவில்லை, நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டாம். "அடுத்த மூன்று மாதத்தில் நீண்ட விடுப்பு ஏதேனும் திட்டமிட்டிருக்கிறீர்களா?" என்று ஆண், பெண் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டாலே, நிறுவனத்துக்குத் தேவையான தகவல் கிடைத்துவிடும்.

ஆட்கள் கடைசி நேரத்தில் நழுவுவதற்கு மற்றொரு பெரிய காரணம் சி.டி.சி. கணக்கு. ஆண்டுக்கு 3,60,000 என்றதும், மாதம் 30,000 கைக்கு வரும் என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், முதலாளி தரப்பு பி.எஃப். 1,800 ரூபாயும், பணிக்கொடைக்கென்று ஒதுக்கும் 4.81 சதவீதமான சுமார் 721 ரூபாயும் அந்த 30,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மீதியிலிருந்து தொழிலாளி தரப்பு பி.எஃப். 1,800 போகும். அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தொழில்வரி என்றால் மாதத்துக்கு 208 ரூபாய் அதிலும் குறையும். கடைசியில் கைக்கு வருவது 25,500-க்கும் சற்றுக் குறைவு. ஊக்கத்தொகையையும் சி.டி.சி.க்குள் அடக்கியிருந்தால் அதைவிடவும் குறையும். இந்தக் கணக்கை ஆஃபர் லெட்டர் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிய பிறகு, முதல் மாதச் சம்பளத்தன்று வரும் கோபமான அழைப்புகள் எனக்கு வெகுவாகக் குறைந்தன. சிலர் கணக்கைப் பார்த்ததும் வேண்டாம் என்றார்கள். சேர்ந்து ஒரு மாதத்தில் அவர்கள் விலகுவதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

கன்சல்டன்சியிலிருந்து வெளியேறிய பின், ஓரகடத்தில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் எச்.ஆர். எக்சிகியூட்டிவ் வேலை கிடைத்தது. சேர்ந்த சில வாரங்களிலேயே எனக்கு மேலே இருந்தவர் விலகிவிட்டார். சுமார் இருநூறு தொழிலாளர்கள், மூன்று ஷிஃப்ட், நான் ஒருத்தி. அந்த முதல் மாதச் சம்பளக் கணக்கை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பயோமெட்ரிக் கருவியிலிருந்து இறக்கிய கோப்பில் பணியாளர் எண் 0457 என்று எழுத்து வடிவில் இருக்கும், சம்பளக் கோப்பில் 457 என்று எண் வடிவில் இருக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் இரண்டு கோப்புகளையும் பொருத்த எக்செல்லில் வி-லுக்கப் போட்டால் வரிசை முழுவதும் பிழை காட்டும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் அடுத்த சிக்கல் இரவு ஷிஃப்ட். இரவு 10 மணிக்கு உள்ளே வந்து மறுநாள் காலை 6 மணிக்கு வெளியேறுபவரை, தேதி மாறிவிட்டதால், கருவி முதல் நாள் வெளியேறவில்லை என்றும் மறுநாள் உள்ளே வரவில்லை என்றும் பதிந்துவிடும். அப்படியே விட்டால், இரவெல்லாம் நின்று வேலை செய்தவருக்கு ஆப்சென்ட் விழும். அக்கவுண்ட்ஸில் இருந்த அண்ணன் ஒருவர் இரவு எட்டு மணி வரை உடன் அமர்ந்து, மேற்பார்வையாளரின் கையெழுத்து மஸ்டரோடு (வருகைப் பதிவேட்டோடு) ஒவ்வொரு பெயராக ஒப்பிடச் சொல்லித் தந்தார். எக்செல் வகுப்பில் எவரும் இதைச் சொல்லித் தருவதில்லை. எனவே பயிற்சி செய்வதானால், ஒழுங்கான மாதிரிக் கோப்புகளில் செய்யாதீர்கள். தெரிந்தவர் எவர் மூலமாவது பெயர்களை நீக்கிய உண்மையான வருகைக் கோப்பு ஒன்றை வாங்கி, அதன் குப்பைகளைச் சுத்தம் செய்து பழகுங்கள்.

என்னை உண்மையிலேயே உலுக்கியது அடுத்த பிப்ரவரியில் வந்த ஒரு விவகாரம். பிரஸ் ஷாப்பில் வேலை செய்த ஒருவர் விடுமுறை நாளில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். வேலை நேரத்து விபத்து அல்ல என்பதால், அவருக்கு வர வேண்டியது இ.எஸ்.ஐ.யின் நோய்க்காலப் பலன், அதாவது சராசரி நாட்கூலியில் 70 சதவீதம். கிளை அலுவலகத்தில் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அவருக்கு இரண்டு மாதங்களுக்கு மட்டுமே கட்டப்பட்டிருந்தது. அவருடைய மனைவி கைக்குழந்தையோடு செக்யூரிட்டி வாசலில் வந்து நின்று, "மாசாமாசம் அவர் வேலைக்கு வந்தாரே மேடம்" என்று கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை. நான் சேர்வதற்கு முந்தைய மாதங்களின் கணக்கு அது.

பழைய சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. அவருடைய மாத ஊதியம் 18,400 ரூபாய். ஏப்ரல், மே, ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) அதிகம் செய்ததால் மொத்தம் 21,000-ஐத் தாண்டியிருந்தது. இ.எஸ்.ஐ.க்குள் வருவதற்கான மாத ஊதிய உச்சவரம்பு 21,000 என்பதை மட்டும் தெரிந்துவைத்திருந்த வெளி பேரோல் நிறுவனம், அந்த நான்கு மாதங்களிலும் அவர் விடுப்பில் இருந்ததாகக் காட்டிப் பூஜ்ஜிய நாள் என்று பதிந்துவிட்டது. அன்றைய விதியோ வேறு. ஒருவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவாரா என்று பார்க்கும்போது ஓ.டி. பணத்தைச் சேர்க்கக் கூடாது, பங்களிப்பைக் கணக்கிடும்போது மட்டும் சேர்க்க வேண்டும். சம்பள உயர்வால் ஒருவர் காலத்தின் நடுவே 21,000-ஐத் தாண்டினாலும், அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை அவருக்குக் கட்டியே ஆக வேண்டும். இந்த இரண்டு விதிகளும் தெரியாததால், ஒரு குடும்பம் வருமானமின்றி நின்றது. அவரைப் போல் இன்னும் பலருக்கு விடுபட்டிருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. நிலுவையை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு கட்டி, காலம் கடந்த திருத்தத்துக்கான கடிதங்களோடு கிளை அலுவலகத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அலைந்து, அவருக்குப் பணம் வந்து சேர்வதற்குள் அவர் மீண்டும் வேலைக்கே திரும்பிவிட்டார். இடைக்காலத்தில் நிர்வாகம் முன்பணம் கொடுத்தது. அதற்கு ஒப்புதல் வாங்க முதலாளியின் அறைக்கு வெளியே நான் காத்திருந்த நேரத்தில்தான், எச்.ஆர். என்பது இனிமையாகப் பேசத் தெரிந்தவர்களின் வேலை என்ற எண்ணம் என்னை விட்டு அகன்றது.

இதற்கு அடுத்தபடியாக எங்கள் நேரத்தை அதிகம் விழுங்குவது நம் ஊர்ப் பெயர்களின் இனிஷியல். சான்றிதழில் எஸ். முருகன், ஆதாரில் முருகன், பான் அட்டையில் முருகன் சுப்பிரமணியன், வங்கிக் கணக்கில் முருகன் எஸ் என்று ஒரே ஆள் நான்கு பெயர்களில் இருப்பார். சேரும் நாளில் இதைக் கவனிக்காவிட்டால், அவர் பி.எஃப். பணத்தை எடுக்கவோ மாற்றவோ முயலும்போது எல்லாம் முட்டி நிற்கும். எனவே சேரும் அன்றே ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஏற்கெனவே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) இருக்கிறதா என்று கேட்டு, பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்பதையும் அவருடைய பாஸ்புக்கிலேயே பாருங்கள். முந்தைய பி.எஃப். உறுப்பினர் விவரங்களைப் புதியவர் அறிவிக்கும் படிவம் 11-ஐ வெறும் கையெழுத்துத் தாளாக நினைக்காதீர்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.பில் சேர்பவருக்கு ஊதியம் 15,000-க்கு மேல் இருந்தால், அவரை ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க முடியாது. தவறாகச் சேர்த்துவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது பெரும் தலைவலி.

அப்படியானால் இவற்றை எங்கே கற்பது? சிலருக்கு உவப்பாக இராது என்றாலும் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம், ஈரோடு, தூத்துக்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும், சிறு ஆலைகளுக்கும் கடைகளுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளைச் செய்து தரும் தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவர் மாடியறை அலுவலகம் ஒன்றில் இருப்பார். அவரிடம் குறைந்த சம்பளத்துக்காவது சில மாதங்கள் சேருங்கள். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் பத்து இருபது நிறுவனங்களின் பங்களிப்பைக் கட்டும் பரபரப்பு, ஆய்வாளர் வந்தால் எந்தப் பதிவேட்டை முதலில் எடுத்து வைப்பது, முதலாளிக்கு வருத்தமான செய்தியை எப்படிச் சொல்வது ஆகியவை அங்கே தினப்படி நடப்பவை. என் 38,000 ரூபாய்க்குக் கிடைக்காதது அங்கே சம்பளத்தோடு கிடைக்கும். இப்போது எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வருபவர்களிடம் ஒரு சம்பளச் சீட்டைக் கொடுத்து, ஒவ்வொரு பிடித்தமும் எப்படி வந்தது என்று விளக்கச் சொல்கிறேன். பெரிய கல்லூரிப் பட்டதாரிகள் திணறும் இடத்தில், இத்தகைய அலுவலகங்களிலிருந்து வந்த பி.காம். பிள்ளைகள் பேனாவை எடுத்து மடமடவென்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பழைய 29 சட்டங்களின் இடத்தைப் பிடித்துள்ளன. பெரும்பாலான படிகளின் (அலவன்ஸ்களின்) கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதி ஊதியத்தோடு சேரும். விலகுபவருக்கு ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. நான் மேலே விவரித்த நிகழ்ச்சிகள் பழைய சட்டங்களின் காலத்தவை. நீங்கள் கணக்குப் போடும்போது, அன்றைக்கு நடப்பில் உள்ள அறிவிக்கையைப் பார்த்துவிட்டே போடுங்கள். என் பழைய நிலையத்தின் குறிப்பேட்டை எவரோ இன்னமும் நகலெடுத்து விற்றுக்கொண்டிருக்கக் கூடும்.

வேலை கிடைத்ததும் ஆஃபர் லெட்டரை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாமல், எச்.ஆர். பிரிவில் மொத்தம் எத்தனை பேர், உங்களுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார், பேரோல் உள்ளேயே செய்யப்படுகிறதா அல்லது வெளியே கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் வாரத்தில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தளங்களின் லாகின் விவரங்களும் டிஜிட்டல் கையொப்பமும் யாரிடம் இருக்கின்றன என்பதையும், கடந்த ஆறு மாதச் சலான்களில் (பங்களிப்பு கட்டிய ரசீதுகளில்) உள்ள ஆள் எண்ணிக்கை சம்பளப் பட்டியலோடு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். பொருந்தாவிட்டால், எந்த மாதம், எத்தனை பேர் என்று அன்றே உங்கள் மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.